இருவரில் ஒருவர் போன பின்

டிராகன் கதை ஒன்றைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது அந்த உலகத்தின் வரைபடத்தையோ அரச வம்சங்களின் பட்டியலையோ அல்ல. அங்கே டிராகனும் அதன்மேல் ஏறிப் பறப்பவரும் ஒருவரோடொருவர் பிணைந்த பிறகு, இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவர் என்ன ஆவார் என்பதைத்தான் தேடுகிறேன். அதற்கு எழுத்தாளர் வகுத்திருக்கும் விதி தெரிந்துவிட்டால், அந்த உலகத்தில் போர் எப்படி நடக்கும், யாரைப் பிடித்து வைத்து யாரை அடக்குவார்கள், யார் யாரை நம்பத் துணிவார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் விளங்கிவிடுகிறது. முட்டை வெடித்து, ஈரம் உலராத குட்டி தட்டுத்தடுமாறி நடந்து வந்து, கூடியிருப்பவர்களில் ஒரே ஒருவரைத் தனக்கு உரியவராகக் கண்டுகொள்ளும் காட்சியை வாசகர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அங்கே இருவரும் இன்னும் எதையும் இழக்கவில்லை. அந்தப் பிணைப்பு எத்தகையது என்பதைச் சொல்லும் நிலையில் அவர்களே அப்போது இல்லை.

இந்தப் பிணைப்பை இன்று நாம் அறிந்திருக்கும் வடிவத்தில் நிலைநாட்டியவர் ஆன் மெக்காஃப்ரி. 1967இல் 'அனலாக்' இதழில் வெளியான அவருடைய குறுநாவல் மறு ஆண்டு, அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்குமான ஹியூகோ விருதைப் பெற்றது. புனைவுக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். அதிலிருந்து விரிந்த 'பெர்ன்' நாவல்களில் டிராகன்கள் புதையலைக் காக்கும் கொடிய விலங்குகள் அல்ல. வானிலிருந்து விழுந்து உயிருள்ள அனைத்தையும் தின்றழிக்கும் இழைகளை நடுவானிலேயே எரிப்பதற்காக, பெர்ன் என்ற கோளில் குடியேறிய மனிதர்கள் சிறிய பறக்கும் பல்லிகளிலிருந்து மரபணு மாற்றத்தின் மூலம் உருவாக்கிய இனம் அது. பொரித்த குட்டி தனக்குரியவரைத் தேர்ந்துகொண்டு, தன் பெயரை அவருடைய மனத்துக்குள் தானே சொல்கிறது. அந்தக் கணம் முதல் அதன் பசி அவர் வயிற்றிலும் எரிகிறது.

பெர்னின் விதி சமமானதல்ல. வீரர் இறந்தால் அவருடைய டிராகன் உடனே, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு டிராகன்கள் கடந்து செல்லும் அந்த உறைகுளிர் வெற்றிடத்துக்குள் புகுந்து, திரும்பாமலே போய்விடும். டிராகன் இறந்தாலோ வீரர் இறப்பதில்லை. பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார்கள். எஞ்சியவர்கள் பாதி ஆளாக வாழ்கிறார்கள். லைட்டால் என்பவர் அப்படி எஞ்சியவர். டிராகனை இழந்த பிறகு நெசவு செய்கிறார், பின்னர் ஒரு கோட்டையின் நிர்வாகத்தையும் அதன் வாரிசான சிறுவன் ஜாக்ஸமையும் பொறுப்பேற்று வளர்க்கிறார். அந்தச் சிறுவனுக்கே எதிர்பாராமல் ஒரு வெள்ளை டிராகன் வாய்த்துவிடுகிறது. தான் இழந்தது எதுவோ அதை நாள்தோறும் தன் முற்றத்தில் பார்த்துக்கொண்டு, அதற்காகப் பையன்மீது பொறாமைகொள்ளாமல், அவனுக்கு நல்ல பாதுகாவலராகவும் இருந்தாக வேண்டிய நிலை அவருக்கு. மெக்காஃப்ரி இந்த மனிதரை அழவைத்துக் காட்டுவதில்லை. அவருடைய முகத்தில் எப்போதாவது ஓடும் ஒரு துடிப்பைத் தவிர வேறெதையும் வெளிக்காட்டாத இறுக்கத்தைத்தான் காட்டுகிறார். அந்தத் தொடரின் வான்போர்கள் அனைத்தையும்விட லைட்டாலின் இறுக்கமே என் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ப்ரெக் என்ற பெண்ணின் கதை இன்னும் கொடியது. அவளுடைய அரசி டிராகனான விரெந்த் இணைசேரும் பறப்பில் இருக்கும்போது இன்னோர் அரசியால் தாக்கப்பட்டு, இரண்டும் மடிகின்றன. பேச்சும் உணர்வுமற்றுக் கிடந்தவளை மீட்கும் நல்லெண்ணத்தோடு, புதிதாகப் பொரிக்கவிருக்கும் ஓர் அரசிக் குட்டியின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவள் மறுத்துவிடுகிறாள். துயரத்தில் இருப்பவருக்கு மாற்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் சுற்றத்தாரின் அன்பும் அறியாமையும் அந்தக் காட்சியில் ஒருசேர வெளிப்படுகின்றன. ப்ரெக் கேட்டது டிராகன் அல்ல, தன்னுடைய விரெந்த்.

பெர்னில் ஏன் டிராகன் உடனே போய்விடுகிறது, மனிதர் மட்டும் ஏன் தங்க நேர்கிறது என்ற கேள்விக்கு நான் கண்ட விடை அந்த நாவல்களில் வேறோர் இடத்தில் இருக்கிறது. பெர்ன் டிராகன்களுக்கு நெடுநாள் நினைவு குறைவு. நேற்று நடந்தது அவற்றுக்கு விரைவில் மங்கிவிடும். நாளையைப் பற்றிய கவலையும் இல்லை. நடந்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர் வீரர்தான். ஆகவே வீரர் மறைந்தால் டிராகனுக்கு ஒதுங்கிக்கொள்ள நேற்றைய நாள் என்று எதுவும் இருப்பதில்லை. மனிதருக்கோ எல்லாம் நினைவிருக்கிறது. துன்பத்தைத் தருவதும் அதுதான், அவரை உயிரோடு இருத்தி வைப்பதும் அதுதான். மெக்காஃப்ரி இந்த இரண்டையும் இணைத்து எங்கும் விளக்கம் எழுதவில்லை. ஆனால் இணைத்துப் படிக்கும்போது அந்த விதி கொடூரமாகத் தோன்றாமல் ஒரு நியாயத்தோடு தோன்றுகிறது.

அந்த விதி தன் முழு வலிமையோடு வெளிப்படும் நாவல் 1983இல் வந்த 'மொரீட்டா'. கொள்ளைநோய் பரவிய காலம். தடுப்பு மருந்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தாக வேண்டும். மொரீட்டாவின் சொந்த டிராகன் ஆர்லித் முட்டைகளைக் காத்துக்கொண்டு மணற்பரப்பில் இருப்பதால், அவள் முதியவளான லெரியின் ஹோல்த் என்ற டிராகனைக் கேட்டு வாங்கிப் பறக்கிறாள். மூட்டுகள் தேய்ந்து வலியோடு வாழும் லெரியும் முதுமையடைந்த ஹோல்த்தும் நெடுங்காலத் துணைவர்கள். ஒரே நாளில் அளவுக்கு மீறிப் பல இடங்களுக்குச் சென்று, அனைத்தையும் முடித்துவிட்டு வீடு திரும்பும் கடைசித் தாவலில், சோர்வின் மிகுதியால், போய்ச் சேர வேண்டிய இடத்தை டிராகனின் மனத்துக்குக் காட்ட மொரீட்டா தவறிவிடுகிறாள். இருவரும் வெற்றிடத்துக்குள் புகுந்து வெளிவராமல் போகிறார்கள்.

இப்போது எஞ்சியிருப்பவர்கள், தன் டிராகனை இழந்த முதியவள் ஒருத்தியும், தன் வீராங்கனையை இழந்த டிராகன் ஒன்றும். விதிப்படி ஆர்லித் அந்தக் கணமே மறைந்திருக்க வேண்டும். அவள் போகவில்லை, முட்டைகள் இருக்கின்றன. லெரியும் போகவில்லை, ஆர்லித் தனியாக இருக்கிறாள். பிணைப்பு என்று எதுவும் இல்லாத இந்த இருவரும், ஒரே இழப்பின் இரண்டு பாதிகளாக, முட்டைகளுக்கு ஆர்லித்தின் காவல் தேவைப்படும் நாள்வரை அந்த மணலருகே ஒன்றாகக் காத்திருக்கிறார்கள். பிறகு லெரி ஆர்லித்தின்மேல் ஏறிக்கொள்ள, இருவரும் சேர்ந்தே போய்விடுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கபிலர் நினைவுக்கு வந்தார். பாரி இறந்ததும் உடன் செல்ல விரும்பிய தன்னை, இங்கேயே இரு என்று தடுத்துவிட்டதற்காக அவர் நண்பனை நொந்து பாடும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பாரி மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு அரசர்களின் வாசல்களில் நின்று, கடைசியில் அவர்களை உரியவரிடம் ஒப்படைத்த பிறகே அவர் வடக்கிருந்து உயிர்நீத்தார் என்பது மரபு. நண்பனோடு உடனே போவதைவிட, நண்பன் விட்டுச்சென்ற கடமைக்காகத் தங்கியிருந்து பிறகு போவது கடினமானது. ஆர்லித் தங்கிய அந்த நாள்களில்தான், விதிக்குக் கட்டுப்பட்ட ஓர் உயிரி தன் இழப்பைத் தானே தாங்கிக்கொள்ளும் ஒருத்தியாக மாறுகிறாள். மாயப் பிணைப்பு எழுத்தாளர் தந்தது. இந்தக் காத்திருப்பு அவளே ஈட்டியது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இதற்கு நேர்மாறான உலகத்தைப் படைத்திருக்கிறார். அவருடைய டிராகன்கள் மனிதர்களைவிட மிக நீண்ட காலம் வாழ்கின்றன. வீரர் இறந்தால் டிராகன் இறப்பதில்லை. இன்னொருவரை ஏற்றுக்கொள்ளும், ஏற்காமலும் போகும். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே என்பதுதான் கட்டுப்பாடு. வேகார் என்ற பெண் டிராகன் விசேனியாவை, பெய்லனை, லேனாவை, ஏமண்டை என்று அடுத்தடுத்துச் சுமந்திருக்கிறது. மனிதர்களுக்கு இது பரம்பரைச் சொத்து போலத் தோன்றலாம். வேகாரின் பக்கத்திலிருந்து பார்த்தால், மூன்று பேரைப் புதைத்துவிட்டு நான்காமவனைச் சுமப்பது.

2022இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொலைக்காட்சித் தொடர் இந்த இடத்தில் மூல நூலிலிருந்து விலகி ஒரு காட்சியைச் சேர்த்தது. அந்தத் தொடரின் மிகச் சிறந்த சில நிமிடங்கள் அவை என்பேன். குழந்தைப்பேற்றில் உயிர் தப்ப வழியில்லை என்று அறிந்த லேனா, வலியோடு தள்ளாடி வெளியே வந்து, வேகாரிடம் தன்னை எரித்துவிடும்படி ஆணையிடுகிறாள். அதுவரை கேட்ட எந்த ஆணைக்கும் தயங்கியிராத அந்தக் கிழட்டு டிராகன் அப்போது தயங்குகிறது. லேனா மீண்டும் மீண்டும் கெஞ்சுகிறாள். பிறகுதான் நெருப்பு வருகிறது. அடுத்த அத்தியாயத்தில், லேனாவின் இறுதிச் சடங்கு நடந்த அன்றிரவே, ஏமண்ட் என்ற சிறுவன் கடற்கரை மணலில் படுத்திருக்கும் வேகாரின்மேல் ஏறிவிடுகிறான். குடும்பத்தார் அதைத் திருட்டு என்று சண்டையிடுகிறார்கள். அந்த டிராகனின் துக்கத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

ஆண்டுகள் கழித்து, புயல் நடுவே லூசெரிஸைத் துரத்தும் ஏமண்டுக்கு உறவுக்காரனைக் கொல்லும் எண்ணம் இல்லை. அச்சுறுத்திப் பார்க்கத்தான் ஆசை. சிறிய டிராகனான அராக்ஸ் பயத்தில் நெருப்பைக் கக்க, சினமுற்ற வேகார் ஏமண்டின் ஆணைகளை மீறிச் சிறுவனையும் டிராகனையும் ஒரே கடியில் முடித்துவிடுகிறது. ஏமண்டின் முகத்தில் அப்போது தெரிவது வெற்றியல்ல, திகில். அவனுக்கு வாய்த்தது முதுகு மட்டுமே. மன இணைப்பு இல்லாத, சொற்களாலான ஆணைகளை மட்டும் நம்பிய அந்த உறவில், டிராகனின் நெடிய வாழ்வும் அதன் பழைய போர்களும் அவன் கைக்கு எட்டாமலே இருந்தன.

அதே மார்ட்டின் உலகத்தில், அரச குருதி இருந்ததா என்றுகூடத் தெளிவாகத் தெரியாத நெட்டில்ஸ் என்ற ஏழைப் பெண் இருக்கிறாள். யாருக்கும் அடங்காமல் ஆடுகளைத் திருடித் தின்று திரிந்த ஒரு காட்டு டிராகனுக்கு அவள் காலைதோறும் புதிதாக அறுத்த ஓர் ஆட்டைக் கொண்டுபோய் வைக்கிறாள். அவளைக் கண்டால் உணவு வருகிறது என்று அது பழகும்வரை வைக்கிறாள். விதியோ முன்னறிவிப்போ இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற பெருமையும் இல்லை. குருதியின் உரிமையால் டிராகனேறும் இளவரசர்கள் நிறைந்த அந்த நூலில் என் மதிப்புக்குரியவள் அவள்தான். அதே நூலில் இரண்டு டிராகன்களின் உறவைச் சொல்லும் வரி ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும்: போர்க்களத்தில் மாண்டுகிடக்கும் வெர்மித்தாரின் அருகே இறங்கும் சில்வர்விங், அவனைப் பறக்கச் செய்ய முயல்வது போல, அவன் சிறகைத் தன் மூக்கால் மும்முறை தூக்கிப் பார்க்கிறாள். அவற்றின் அன்புக்கு மனிதர்கள் கட்டாயம் தேவை என்று நினைப்பது நம்முடைய ஆசை.

கிறிஸ்டோபர் பவோலினியின் 'எரகான்' தொடரை இளையோருக்கானது என்று ஒதுக்குபவர்கள், அதன் தீமையின் வேர் எது என்பதைக் கவனிப்பதில்லை. கொடுங்கோலனாகிய கல்படோரிக்ஸ், தன் டிராகனை இழந்து மனம் பேதலித்த வீரன்தான். வேறொரு டிராகன் வேண்டும் என்று கேட்டு, மறுக்கப்பட்டு, அதன் பிறகே இன்னொருவருக்கு உரிய குட்டியைத் திருடி மாயத்தால் தன்னோடு கட்டிப்போடுகிறான். ப்ரெக் மறுத்ததை அவன் பறித்துக்கொண்டான் என்று இரண்டு உலகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ரெபெக்கா யாரோஸ் 2023இல் தொடங்கிய தொடரிலோ பெர்னின் விதி தலைகீழாக நிற்கிறது: டிராகன் இறந்தால் வீரரும் இறப்பார், வீரர் இறந்தால் டிராகன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பதற்றத்தை வளர்ப்பதற்கு இது மிகவும் உதவுகிறது. ஆனால் உடன் இறப்பவருக்குத் துக்கம் கொள்ள நேரமே இல்லை. அதனால் எனக்கு வேண்டியது அந்தப் பக்கங்களில் குறைவாகவே கிடைக்கிறது.

நவோமி நோவிக்கின் 'டெமரேர்' நாவல்களுக்குத்தான் நான் அடிக்கடி திரும்பிப் போகிறேன். நெப்போலியன் காலத்துப் போர்கள், ஆனால் வானப்படையாக டிராகன்கள். மன இணைப்பு என்று எதுவும் இல்லை. டிராகன்கள் வாய்விட்டுப் பேசுகின்றன. நூல்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கின்றன. தங்களுக்கு ஏன் ஊதியம் இல்லை என்று வினவுகின்றன. முட்டையிலிருந்து வந்ததும் யார் கையால் சேணம் ஏற்றுக்கொள்கின்றனவோ அவரிடம் அவை கொள்ளும் பற்று மிக ஆழமானது. அந்தப் பற்றை அரசாங்கம் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. தளபதியைப் பிடித்துவைத்தால் டிராகனை அடக்கலாம். டெமரேர் என்ற டிராகனின் தளபதியான லாரன்ஸ் தேசத்துரோகக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்ற பிறகும் அவரை உயிரோடு வைத்திருப்பதற்குக் கருணை காரணமல்ல, டெமரேர் அடங்கியிருக்க வேண்டும் என்பதே காரணம். அன்பு எங்கே உறுதியாக இருக்கிறதோ அங்கே விலங்கு பூட்டுவது எளிது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய டிராகன் கதை எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதல் நாவலில் லெவிட்டாஸ் என்ற சிறிய தூதுவ டிராகன் வருகிறது. அதன் தளபதி ராங்கின் உயர்குடிப் பிறப்பும் நல்ல உடையும் உடையவர். டிராகனைக் கருவியாக மட்டுமே பயன்படுத்துபவர். பறந்து திரும்பியதும் அதை அழுக்கடைந்த சேணத்தோடு அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். மற்றவர்கள் இரங்கித் துடைத்துவிட்டால் லெவிட்டாஸ் நன்றியால் உருகும், ஆனால் கண்கள் ராங்கினைத்தான் தேடும். பகைவர் வரும் செய்தியைப் படுகாயத்தோடு கொண்டுவந்து சேர்த்துவிட்டு அது உயிருக்குப் போராடும்போதும் ராங்கின் அருகில் இல்லை. லாரன்ஸ் அவரைத் தேடிச் சென்று, வலுக்கட்டாயமாக இழுத்துவந்து, அந்தச் சிறிய தலையருகே நிறுத்தி ஆறுதலாகப் பேச வைக்கிறார். ராங்கின் வந்துவிட்டார் என்ற மகிழ்ச்சியோடு லெவிட்டாஸ் இறக்கிறது. அது நம்பியது உண்மையல்ல. ஆனாலும் அந்த மகிழ்ச்சியில் பொய் இல்லை, லாரன்ஸும் அதை அறிந்தே செய்கிறார். தகுதியற்ற ஒருவர்மேல் வைக்கப்பட்ட அன்பு வீண் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் திருப்ப என்னால் இயலவில்லை.

இதே தொடரின் பிற்பகுதியில் டெமரேரிடம் லாரன்ஸ் இருந்த கப்பல் மூழ்கிவிட்டது, அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. பெர்ன் டிராகனாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டெமரேர் துக்கத்தில் உறைகிறது, பிறகு எழுகிறது. இனப்பெருக்கத்துக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்ட டிராகன்களை அழைத்துப் பேசி, தளபதிகள் இல்லாமலேயே ஒரு படையாகத் திரட்டி, படையெடுத்து வந்தவர்களை எதிர்க்கக் கிளம்புகிறது. லாரன்ஸ் இல்லாத உலகத்தில் தான் யார் என்பதை அப்போதுதான் அது முதன்முறையாகக் கண்டறிகிறது. செய்தி தவறு என்று பின்னர் தெரியவந்து இருவரும் சந்திக்கும்போது, பழைய நிலைக்கு அவர்களால் திரும்ப முடிவதில்லை. லாரன்ஸ் இனி ஒரு படைத்தலைவரின் நண்பர். இதற்காகவே நோவிக்கின் விதியை மற்ற எல்லா விதிகளுக்கும் மேலாக வைப்பேன்: டிராகன் தன்னந்தனியாகவும் வாழக்கூடியதாக இருக்கும்போதுதான், அது கூடவே இருப்பதற்கு மதிப்பு உண்டாகிறது. 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' திரைப்படங்களைச் சேர்ந்த 2011ஆம் ஆண்டுக் குறும்படம் ஒன்றும் இதையே சிறிய அளவில் செய்துகாட்டியது. வால் துடுப்பை இழந்த டூத்லெஸ் என்ற டிராகனால், முதுகில் அதன் நண்பன் ஹிக்கப் அமர்ந்து செயற்கைத் துடுப்பை இயக்கினால் மட்டுமே பறக்க முடியும். ஹிக்கப் அதற்குத் தானாக இயங்கும் துடுப்பைச் செய்து கொடுத்துப் போக விடுகிறான். டூத்லெஸ் போய்விட்டுத் திரும்பி வந்து, அந்தப் புதிய துடுப்பை உடைத்துப்போட்டுவிட்டுப் பழையதையே கேட்கிறது.

நோவிக்கின் உலகத்தில் இன்னொரு விதியும் ஓரமாக இருக்கிறது. அதைப் பற்றி வாசகர்கள் அதிகம் பேசுவதில்லை. அங்கே டிராகன்கள் மனிதர்களைவிட நெடுங்காலம் வாழ்வதால், தளபதி இறந்த பிறகு அவருடைய பிள்ளையிடம் டிராகன் பற்றுக்கொள்ளும்படி முன்கூட்டியே வளர்க்கிறார்கள். பெண்களை மட்டுமே தளபதியாக ஏற்கும் இனத்தைச் சேர்ந்த எக்ஸிடியத்துக்கு இப்போது ஜேன் ரோலண்ட் தளபதி. அவருக்குப் பின் அவர் மகள் எமிலி என்று முடிவாகியிருக்கிறது. வேகாருக்கு நேர்ந்தது போலப் பறிப்பும் இல்லை, ஆர்லித்துக்கு நேர்ந்தது போல உடன் செல்லும் கட்டாயமும் இல்லை. தாயின் மறைவையும் மகளின் வருகையையும் ஒரே நாளில் ஏற்க வேண்டிய அந்தப் பெரிய உயிர், மகளின் குரலில் யாரைக் கேட்கும், அவள் தாயைப் போல இல்லாத இடங்களை எப்படிப் பொறுத்துக்கொள்ளும், தளபதியாகிவிட்ட எமிலி தன் தாயைப் பற்றி அந்த டிராகனிடம் முதலில் எதைக் கேட்பாள் என்பதெல்லாம் ஒரு முழு நாவலுக்குரிய பொருள். போர்க்களமே இல்லாமல் அதை யாரேனும் எழுதினால் முதல் நாளே வாங்கிப் படிப்பேன்.